13-ஆம் எண் அறையில் பிறந்த இசை

பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இரவு பத்தரை மணி இருக்கும், மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டு மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். "தூங்கலையாப்பா?" என்று எட்டிப் பார்த்தேன். "தாத்தா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

தாளம் இல்லை. பாட்டு இல்லை. ராகம் என்று பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. பாழும் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல 'ஊம்ம்' என்று ஓர் ஓசை. அதன்மேல், எங்கோ தூரத்தில் இரும்புக் கதவு காற்றில் ஆடுவதுபோல இன்னொன்று. "என்னடா, ஒரே இருட்டா இருக்கு?" என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதுதான் தாத்தா வேணும்!" அந்த 'ஊம்ம்' இவன் செய்ததாம். கதவுச் சத்தம் பெங்களூரில் இருக்கும் நண்பனுடையது. இடையிடையே யாரோ முணுமுணுப்பதுபோல வருவது மூன்றாவது ஆள் அனுப்பியது. அவரை இவர்கள் பார்த்ததே இல்லை, புனைபெயர் மட்டும்தான் தெரியும். ஒருவருக்கொருவர் துண்டு துண்டாக அனுப்பி, அதன்மேல் அடுத்தவர் சேர்த்து, இப்படியே ஒரு தொகுப்பு செய்து எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படி வெளியிடப் போகிறார்களாம்.

"இதெல்லாம் உங்க காலத்துல கிடையாது தாத்தா" என்றான். "கிடையாதாவது! எங்க ஆபீஸ்ல இருந்த மாதிரி மெஷினை வெச்சு அறுபது வருஷம் முன்னாடியே லண்டன்ல ஒரு அம்மா செஞ்சிருக்காங்க" என்றேன். நம்பாமல் பார்த்தான். அன்றிரவு அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக்கதை இங்கே.

என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் தொலைபேசித் துறையில் கேரியர் ரூமில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவன். வெளியூர் டிரங்க் லைன்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க எங்களிடம் ஆஸிலேட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். முன்புறம் ஒரு பெரிய வட்ட டயல். அதைத் திருப்பினால் ஒரே சீரான ஓர் ஓசை பிறக்கும். அந்த ஓசையை லைனில் அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் அது எவ்வளவு தேய்ந்து வந்து சேர்கிறது என்று அளந்து சொல்வார். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மேல் லைன் காலியாக இருக்கும்போது, இரண்டு ஆஸிலேட்டர்களை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துச் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் நொடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் இருந்தால், ஓசை நொடிக்கு இரண்டு முறை விம்மித் தணியும். யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். காலியான கட்டடத்தில் அதைக் கேட்டால் முதுகு சில்லிட்டுப் போகும். நாங்கள் சிரித்துவிட்டு அணைத்துவிடுவோம். அணைக்காமல் அதையே பிடித்துக்கொண்டு போனவர்களின் கதைதான் இது.

நம் வயதுக்காரர்களுக்கு பி.பி.சி. என்றால் தமிழோசைதான். சிற்றலையில் கரகரப்புக்கு நடுவே முள்ளை மயிரிழை அளவு நகர்த்திப் பிடித்துக் கேட்டவர்கள் நாம். அதே பி.பி.சி.க்கு லண்டனில் மெய்டா வேல் என்ற இடத்தில் ஒரு கட்டடம் இருந்தது. 1909-இல் சக்கரக் காலணி மாட்டி ஓடும் விளையாட்டரங்கமாகக் கட்டியது. பின்னால் வானொலி இதை எடுத்துக்கொண்டது. பெரிய வாத்தியக் குழுக்கள் அங்கே வாசித்தன. அதன் நீண்ட தாழ்வாரத்தில் 13-ஆம் எண் அறையில் 1958 ஏப்ரல் 1 அன்று ஒரு சிறு பிரிவைத் திறந்தார்கள். ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்று பெயர். எண் 13, தேதி ஏப்ரல் முதல் நாள். நம்மூரில் யாராவது ஜோசியர் ஒப்புக்கொண்டிருப்பாரா?

இது எதற்காக வந்தது என்றால், வானொலி நாடகத்துக்காக. 1957 ஜனவரியில் சாமுவேல் பெக்கெட் எழுதிய 'ஆல் தட் ஃபால்' என்ற நாடகம் ஒலிபரப்பானது. ஒரு வயதான அம்மாள், கண் தெரியாத கணவரை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறாள். பெரிதாக வேறொன்றும் நடக்காது. அவள் காலடியும் மூச்சும் வழியில் கேட்கும் ஆடுமாடுகளும்தான் நாடகம். நிஜமான ஆடுமாட்டின் ஒலித்தட்டைப் போட்டால் அது சாதாரண கிராமமாகிவிடும். இதுவோ அவள் மனத்துக்குள் கேட்கும் கிராமம். ஆகவே மனிதர்களைக் கத்தச் சொல்லி, அந்தப் பதிவைச் சிதைத்து, நீட்டி, வேறு ஒன்றாக்கினார்கள். அதில் உழைத்தவர் டெஸ்மண்ட் பிரிஸ்கோ. அவரோடு சேர்ந்து, இப்படிப்பட்ட ஓசைகளுக்கென்றே தனி அறை வேண்டும் என்று விடாமல் மேலிடத்தில் நச்சரித்தவர் டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி. போர்க்காலத்தில், 1943-இல், பி.பி.சி.யில் இளநிலை ஒலிப்பொறியாளராகச் சேர்ந்தவர்.

அறை கிடைத்தது. சாமான்? மற்ற பிரிவுகள் கழித்துப்போட்ட டேப் ரிக்கார்டர்கள், சோதனைக்கு வைத்திருந்த ஆஸிலேட்டர்கள். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும், புதுப் பிரிவு என்றால் உடைந்த நாற்காலிதான் முதலில் வரும். இன்னொரு வேடிக்கை, இந்த மின்னணு ஓசைகளை நீண்ட காலம் கேட்டால் மனநிலை பாதிக்கப்படும் என்று யாரோ பயந்து, ஓர் ஊழியர் மூன்று மாதத்துக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது என்று ஆரம்பத்தில் விதி வைத்தார்களாம். ஓரம் அம்மையார் எப்படியும் ஓராண்டு தாங்கவில்லை. மனநிலையால் அல்ல. நாடகத்துக்குப் பின்னணி ஓசை செய்து தந்தால் போதும், இசையெல்லாம் வேண்டாம் என்ற மேலிடத்து மனப்பான்மை பிடிக்காமல் 1959-இல் வேலையை விட்டுவிட்டு, கெண்ட் மாவட்டத்தில் தன் சொந்தக் கூடத்தை அமைத்துக்கொண்டார்.

நான் பேரனிடம் சொன்ன 'அம்மா' இவர் இல்லை. அடுத்து வந்தவர், டீலியா டெர்பிஷர்.

1937-இல் கவன்ட்ரி நகரில் பிறந்தவர். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைத் தரைமட்டமாக்கின. அப்போது அவருக்கு மூன்று வயது. பிற்காலத்தில் ஒரு பேட்டியில், தன் மின்னணு இசைப் பற்றுக்கு வேர் எது என்று கேட்டபோது, அந்த விமானத் தாக்குதல் சங்கொலிகளைத்தான் சொன்னார். ஏறி இறங்கும் அபாயச் சங்கு, பிறகு ஆபத்து நீங்கியது என்று ஒரே சீராக ஊதும் சங்கு. ஒரு குழந்தைக்கு அவை என்ன, எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது. காதில் மட்டும் தங்கிவிட்டன. 1971 போர்க்காலத்தில் சங்கு ஊதி விளக்கணைத்த ஊர்களில் இருந்த நண்பர்கள் இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் உண்டு, அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில காலம் ஜெனீவாவில், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வேலை பார்த்தார். ஐ.டி.யு. என்று எங்கள் துறையில் சொல்வோம். எங்கள் லைன்களுக்கான விதிகளெல்லாம் அங்கிருந்துதான் வரும். இதைப் படித்தபோது ஏதோ தூரத்து உறவு கிடைத்ததுபோல் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 1960-இல் பி.பி.சி.யில் சேர்ந்தார். 1962-இல் அந்த அறைக்கு அவரே கேட்டுப் போனார். மற்றவர்களைத் தண்டனைபோல அனுப்பிய இடத்துக்கு ஒருவர் விரும்பி வருகிறாரே என்று அதிகாரிகள் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

மறு ஆண்டு, 1963-இல், குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும்படி ஒரு தொலைக்காட்சித் தொடர். காலத்துக்குள் பயணம் செய்யும் ஒரு மர்ம முதியவர், போலீஸ் தொலைபேசிப் பெட்டி மாதிரி ஒரு வாகனம். 'டாக்டர் ஹூ' என்று பெயர். தலைப்பிசை எழுத ரான் கிரெய்னர் என்ற ஆஸ்திரேலியரைக் கேட்டார்கள். அவர் பெயர் பெற்ற இசையமைப்பாளர். ஒரே ஒரு தாளில் ஸ்வரங்களை எழுதிக் கொடுத்தார். எந்த வாத்தியம் என்று எழுதவில்லை. அதற்குப் பதிலாக இங்கே மேகம்போல, இங்கே காற்றுக்குமிழிபோல என்று குறிப்பு. அந்தத் தாளை டீலியாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதன்பின் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று பட்டனைத் தட்டும் பிள்ளைகளுக்கு இது புராணக்கதை மாதிரி. கீபோர்டு கிடையாது. ஒரு ஸ்வரத்தை வாசிக்க முடியாது, தயாரிக்கத்தான் வேண்டும். அடியில் ஓடும் அந்தத் 'தும் திகுதும்' ஒரு கம்பியை ஒரே ஒரு தடவை சுண்டிப் பதிவு செய்தது. அதே பதிவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பதிவு. மேலே வழுக்கிக்கொண்டு போகும் மெட்டு ஆஸிலேட்டர் டயலைக் கையால் திருப்பிப் பிடித்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று வருவது, நம் வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வருமே, அந்த இரைச்சலை வடிகட்டி எடுத்தது.

அந்த டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். அப்படியானால் அரை நொடி ஸ்வரம் ஏழரை அங்குலம். கால் நொடி மூன்றே முக்கால் அங்குலம். அளவுகோலால் அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டு நாடாவால் ஒட்ட வேண்டும். தாளம் என்பது இங்கே அங்குலக் கணக்கு. தையல்காரர் வேலைதான். உடன் இருந்து உதவியவர் டிக் மில்ஸ் என்ற இளைஞர். ஒவ்வொரு அடுக்கும் ஒரு தனி டேப். எல்லாவற்றையும் ஒரே நாடாவில் அடுக்கும் இயந்திரம் அங்கே இல்லை. ஆகவே தனித்தனி மெஷின்களில் மாட்டி, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சேர்வதை நான்காவது ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை எங்கோ ஒரு ஸ்வரம் தப்பாக விழுந்தது. எந்த டேப்பில் என்று காதுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் டேப்புகளை எல்லாம் அந்த நீண்ட தாழ்வாரத்தில் பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டுகளை வரிசை பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஓரிடத்தில் ஓர் ஒட்டு மட்டும் மற்றவற்றோடு சேராமல் தள்ளி நின்றது. அங்கேதான் பிழை! கேபிள் பழுதை ஊர் ஊராக நடந்து கண்டுபிடித்த எங்கள் லைன்மேன்களை நினைத்துக்கொண்டேன்.

கிரெய்னர் வந்து கேட்டார். இதையா நான் எழுதினேன் என்று வியந்தாராம். பெரும்பகுதி நீங்கள்தான் என்று டீலியா சொன்னாராம். அவர் பெரிய மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். டீலியாவுக்கு இணை இசையமைப்பாளர் என்ற இடமும், வருமானத்தில் பாதியும் தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டார். முடியாது என்றது நிர்வாகம். அந்த அறையில் வேலை செய்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், அவர்கள் பெயர் வெளியே வராது, பிரிவின் பெயர்தான் வரும் என்பது நடைமுறை. 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை, அந்த இசை முதல்முறையாக வீடுகளுக்குள் போனது. முந்தைய நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். இசை கிரெய்னர், உடன் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்றது அட்டை. டீலியா என்ற பெயர் எங்கும் இல்லை.

நடைமுறை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, மழைக்காலத்தில் லைன் பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை தயாரித்தோம். இரண்டு பருவமழை ஆனது அதற்கு. அது சுற்றறிக்கையாக எல்லா ஊருக்கும் போனபோது, கீழே வேறு ஒருவர் கையெழுத்து. நண்பர் சிரித்துக்கொண்டே, "லைன் வேலை செய்யுதா இல்லையா, அதைப் பாருங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

டீலியாவின் இருட்டான வேலைகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தலைப்பிசை அல்ல. 1964-இல் வானொலியில் வந்த 'கனவுகள்'. பாரி பெர்மாஞ்ச் என்ற எழுத்தாளர், சாதாரண மக்களிடம் போய் அவர்கள் கண்ட கனவுகளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வந்தார். டீலியா அந்தக் குரல்களை வெட்டி அடுக்கி, அடியில் நீண்ட, அசையாத, பனிபோன்ற ஓசைகளைப் பரப்பினார். ஓடுவது, விழுவது, நிலம், கடல், நிறம் என்று ஐந்து பகுதி. யாரோ துரத்துகிறார்கள், கால் நகரவில்லை என்று ஒருவர் சொல்ல, வேறொருவர் அதையே வேறு வார்த்தையில் சொல்ல, அடியில் அந்த ஓசை. பேரன் எனக்கு இதைத் தேடிப் போட்டுக் காட்டினான். விழுவது பற்றிய பகுதியோடு ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மீதியை மறுநாள் பகலில்தான் கேட்டேன். யார் இதைச் செய்தது? கனவு கண்டவர்களா, பதிவு செய்தவரா, வெட்டி ஒட்டியவரா?

அந்தப் பனி ஓசைகளை எப்படிச் செய்தார் என்பதற்கு இன்னொரு உதாரணம். அறையில் பச்சை நிற உலோக லாம்ப்‌ஷேடு ஒன்று இருந்தது. தட்டினால் நன்றாக ஒலிக்கும். கோயில் மணியை அடித்தால் முதலில் 'டங்', பிறகு 'ங்ங்ங்' என்று ரீங்காரம் அல்லவா? 'டங்'கை வெட்டி எறிந்துவிட்டு ரீங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று கணக்கிட்டு, அவற்றை 12 ஆஸிலேட்டர்களில் மறுபடி உண்டாக்கினார். கேம்பிரிட்ஜ் கணிதம் அங்கேதான் வேலைக்கு வந்தது. சஹாரா பாலைவனத்து துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு இப்படி இசை செய்தார். அனல் காற்றில் தூரத்து ஒட்டகங்கள் மிதப்பது அதில் கேட்கிறது. ஒரு விளக்குமூடி!

அலுவலகத்தில் பெயர் இல்லாததால், வெளியே புனைபெயரில் செய்தார்கள். நம்மூரில் அரசு ஊழியர்கள் நடத்தை விதிக்குப் பயந்து மனைவி பெயரிலும் ஊர்ப் பெயரிலும் கதை எழுதினார்களே, அதே கதைதான். இசை நூலகம் ஒன்றுக்காகச் செய்தவற்றில் டீலியாவின் பெயர் 'லீ டி லா ரூஸ்'. கூட்டாளி பிரையன் ஹாட்ஜ்சனுக்கு வேறொரு பெயர். இந்த ஹாட்ஜ்சன்தான், பழைய பியானோவின் கம்பிகளில் தன் அம்மா வீட்டுச் சாவியை இழுத்துத் தேய்த்து, டாக்டர் ஹூவின் வாகனம் புறப்படும் ஓசையைச் செய்தவர். அந்தப் புனைபெயர் இசை, 1970-களில் போட்டித் தொலைக்காட்சியின் குழந்தைகள் தொடர் ஒன்றில் ஒலித்தது. பி.பி.சி.க்கு எதிராக பி.பி.சி. ஊழியர்களே!

இருவரும் டேவிட் வோர்ஹாஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து 1969-இல் 'ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்' என்று ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார்கள். வோர்ஹாஸ் டபுள் பாஸ் வாசிப்பவர், டீலியாவின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கப் போய் நண்பரானவர். அதன் இரண்டாம் பக்கத்தைத் தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள். விபத்து, அழுகை, ஆவி, கடைசியில் நரகத்தில் புயல். வந்தபோது அதிகம் விற்கவில்லை. பிற்காலத்தில்தான் பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டார்கள்.

1973-இல் டீலியா வேலையை விட்டார். இசையையும் ஏறக்குறைய விட்டார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் வயர்லெஸ் ஆபரேட்டராகக் கொஞ்ச காலம் இருந்தார். அதற்குள் சின்தசைசர் வந்துவிட்டது. ஒட்டும் நாடாவும் பிளேடும் மூலைக்குப் போயின. 1998-இல் அந்தப் பிரிவையே மூடினார்கள். 2001 ஜூலை 3 அன்று டீலியா காலமானார், 64 வயது. வீட்டுப் பரணில் சீரியல் டப்பாக்களில் 267 டேப்புகள் கிடைத்தன. சோறு கொட்டி வைக்கும் டப்பாவில் ஒரு ஆயுளின் வேலை. இப்போது அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கிரெய்னரும் 1981-இலேயே போய்விட்டார். தொடரின் 50-ஆம் ஆண்டு நிறைவுக்காக 2013 நவம்பரில் வந்த சிறப்பு நிகழ்ச்சியின் முடிவில்தான், தலைப்பிசைக்கு அவர் பெயரோடு டீலியா டெர்பிஷர் பெயரையும் திரையில் போட்டார்கள்.

இதை எல்லாம் கேட்டுவிட்டுப் பேரன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவர்கள் தொகுப்பின் அட்டையைத் திறந்து, எந்த ஓசை யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுத ஆரம்பித்தான். மூன்றாவது ஆளின் நிஜப் பெயரைக் கேட்டுச் செய்தி அனுப்பினான். காலையில் நான் காபி கொண்டுபோனபோது பதில் வந்திருந்தது. வேண்டாம், அந்தப் புனைபெயரே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.